ஒரே மருந்து, ஒரே அளவு: பெரியம்மாவுக்கு மட்டும் ஏன் வடியவில்லை?

பெரியம்மாவுக்குப் பெருங்குடலில் கட்டி. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, அதன்பிறகு எட்டு சைக்கிள் கீமோ என்றார்கள், அதுவும் ட்ரிப்ஸ் வேண்டாம் மாத்திரையே போதும் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. கேபசிடபைன் 500 மில்லிகிராம், காலையில் 4, இரவில் 4, சாப்பிட்ட அரை மணிக்குள், 14 நாள். அப்புறம் 7 நாள் ஓய்வு, இது சேர்ந்தது ஒரு சைக்கிள். நெல்லிக்குப்பம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் வேளைக்கு ஒரு கோடு போட்டு வைத்தார் பெரியப்பா. ஒன்பதாம் நாள் வாய் முழுக்கப் புண், கஞ்சி கூட இறங்கவில்லை. பதினோராம் நாள் வயிற்றுப்போக்கு. பதின்மூன்றாம் நாள் காய்ச்சலோடு கொண்டுபோய்ச் சேர்த்தபோது வெள்ளணு கவுண்ட் அதலபாதாளத்தில், 600. பிழைத்து வந்ததே பெரிது.

கொஞ்சம் பேச முடிந்ததும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா, அவங்களுக்கும் இதே மாத்திரை, இதே கணக்கு. அவங்க எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுறாங்க. எனக்கு மட்டும் ஏன்டா தம்பி இப்படி?"

நான் பார்மசி படித்தவன், திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அந்த மாத்திரையின் பக்க விளைவுகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இந்தக் கேள்விக்கு "சிலருக்கு ஒத்துக்காது பெரியம்மா" என்பதைத் தாண்டி அன்றைக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. அதற்குச் சரியான பதில் இருக்கிறது, அதில் ஒரு பகுதியை முதல் மாத்திரைக்கு முன்பே ரத்தத்தில் பார்த்திருக்கவும் முடியும் என்று பின்னால் தேடிப் படித்தபோது தெரிந்தது. அந்தப் பதிலைத்தான் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் கீமோ மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம், ஏன் என்பதும் கீழே வருகிறது.

முதலில், அந்த 4 மாத்திரை எங்கிருந்து வந்தது? உயரம், எடை இரண்டையும் வைத்து உடம்பின் தோல் பரப்பளவைக் கணக்கிடுவார்கள். சென்டிமீட்டரில் உயரத்தையும் கிலோவில் எடையையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பெரியம்மா 160 சென்டிமீட்டர், 58 கிலோ, அதனால் 1.6 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 1250 மில்லிகிராம் என்பது அந்த மருந்தின் வழக்கமான அளவு. பெருக்கினால் 2000 மில்லிகிராம், அதாவது 4 மாத்திரை. கணக்கில் தப்பே இல்லை. ஆனால் உயரம், எடையிலிருந்து தோல் பரப்பளவைக் கணக்கிடும் இந்த வழிக்கு அடித்தளம் 1916-ல் அமெரிக்காவில் டூபுவா என்ற குடும்பப் பெயர் கொண்ட இருவர் வெறும் 9 பேரை அளந்து போட்ட சூத்திரம், அதுவும் உடம்பு எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்று பார்ப்பதற்காகப் போட்டது. கல்லீரலும் சிறுநீரகமும் ஒரு மருந்தை எவ்வளவு வேகமாக அப்புறப்படுத்தும் என்பதற்கும் தோலின் பரப்புக்கும் நெருக்கமான உறவு கிடையாது. இருந்தாலும் இன்றுவரை பெரும்பாலான கீமோ மருந்துகள் இந்தக் கணக்கில்தான் தொடங்குகின்றன, வேறு எளிய வழி கையில் இல்லை என்பதால்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே டிகாக்ஷனில் கலந்த காபியை வீட்டில் நாலு பேர் குடிக்கிறோம். அப்பா ஒன்பது மணிக்குக் குறட்டை விடுவார், அத்தை நடுராத்திரி வரை விழித்துக்கொண்டு கிடப்பார். காபியின் அளவு ஒன்று. உள்ளே போன கஃபீனைக் கல்லீரல் உடைக்கும் வேகம்தான் ஆளுக்கு ஆள் வேறு. கீமோவிலும் நடப்பது இதேதான். காபியில் போவது ஒரு ராத்திரித் தூக்கம், இங்கே போவது உயிராக இருக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் கடலூர்ப் பக்கம் இதைப் புரியவைக்க வெள்ளத்தைத் தவிர வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் தென்பெண்ணை பெருகி வந்ததை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். ஒரே மழைதான், ஆனால் வடிகால் தூர்வாரிய பக்கத்து வயலில் தண்ணீர் இரண்டு நாளில் வடிந்து பயிர் தலைநிமிர்ந்துவிடும், வாய்க்கால் அடைத்துக் கிடக்கும் வயலில் ஒரு வாரம் நின்று பயிர் அழுகிவிடும். எத்தனை சென்டிமீட்டர் மழை என்று மட்டும் கேட்டால் பயிரின் கதி தெரியாது. எவ்வளவு ஆழத்துக்கு, எத்தனை நாள் நின்றது என்று கேட்க வேண்டும். மருந்திலும் அப்படியே. கொடுத்த அளவு மழை. ரத்தத்தில் எவ்வளவு செறிவில் எவ்வளவு நேரம் நின்றது என்பதுதான் செல்கள் உண்மையில் பட்ட அளவு, இதை வரைபடத்தில் வளைவின் கீழ்ப் பரப்பாகக் காட்டுவார்கள், ஏயூசி என்று சொல்வார்கள். வடியும் வேகத்துக்குப் பெயர் கிளியரன்ஸ். ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் அந்த மருந்து நீங்கிச் சுத்தமாகிறது என்று அளப்பார்கள். அளவு அப்படியே இருந்து கிளியரன்ஸ் பாதியாகிவிட்டால் ஏயூசி இரண்டு மடங்கு. பெரியம்மா விழுங்கியது 4 மாத்திரைதான் என்றாலும் அவர் உடம்பு பட்டது 8 மாத்திரைக்குச் சமமாக இருந்திருக்கலாம்.

மற்ற மருந்துகளுக்கும் இதே கதைதான், ஆனால் ரத்த அழுத்த மாத்திரையில் கொஞ்சம் கூடினால் தலைசுற்றலோடு போகும். கீமோவில் பலன் தரும் அளவும் ஆளைச் சாய்க்கும் அளவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, இடையில் ஒரு வரப்பு அகலம்தான். அதனால்தான் ஒருவருக்கு எப்படி வடியும் என்பதை முன்கூட்டியே காட்டும் அடையாளங்களைத் தேடுகிறார்கள். ரத்தத்திலோ சிறுநீரிலோ மரபணுவிலோ அளக்க முடிகிற, உள்ளே நடப்பதைத் தெரிவிக்கிற அப்படிப்பட்ட அடையாளத்தைத்தான் பயோமார்க்கர், தமிழில் உயிர்க்குறி, என்கிறோம். பேரைக் கேட்டு ஏதோ வெளிநாட்டு லேப் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். காலையில் கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், கோரிமேடு ஜிப்மருக்குப் போகிறவர்கள் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையும் அதற்குள் ஒரு ஃபைலும் இருக்கும். அந்த ஃபைலில் கிரியேட்டினின் என்று ஒரு வரி இருக்கிறதே, அதுவே ஒரு பயோமார்க்கர்தான். (பெரியம்மாவுக்கு வைத்தியம் நடந்தது வேறு ஊரில், வேறு இடத்தில். அதன் பெயர் இங்கே தேவையில்லை.)

கிரியேட்டினினைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் எல்லோர் கையிலும் இருக்கிற இந்த எண்ணைத்தான் அதிகம் பேர் தப்பாகப் படிக்கிறார்கள். தசை வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு அது, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் மந்தம் என்று பொருள். சரி, குறைவாக இருந்தால் சிறுநீரகம் அருமை என்று பொருளா? இங்கேதான் ஏமாறுகிறோம். நோயில் உருகிப்போன உடம்பில் தசையே இல்லை, தசை இல்லையென்றால் கிரியேட்டினின் உண்டாவதே குறைவு, பிறகு ரத்தத்தில் எப்படி ஏறும்? 65 வயது, 40 கிலோ எடையுள்ள ஓர் அம்மா, கிரியேட்டினின் 0.6. 35 வயது, 70 கிலோ எடையுள்ள ஒரு தம்பி, கிரியேட்டினின் 1.0. ரிப்போர்ட்டைப் பார்த்தால் அம்மாவின் சிறுநீரகம்தான் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். 1976-லிருந்து புழக்கத்தில் இருக்கும் காக்ராஃப்ட்-கால்ட் கணக்கைப் போடுங்கள்: 140-இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியேட்டினினால் வகுக்க வேண்டும், பெண்ணாக இருந்தால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். அம்மாவுக்கு நிமிடத்துக்கு 59 மில்லிலிட்டர் வரும். தம்பிக்கு 102. ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று அச்சடித்திருந்தும் அந்த அம்மாவின் வடிகால் தம்பியுடையதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு உயிரோடு விளையாடும் இடம் கார்போபிளாட்டின். சூலகப் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய் என்று நிறைய இடங்களில் கொடுக்கிற மருந்து, பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே வெளியேறும். இங்கிலாந்தில் ஹிலரி கால்வெர்ட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1989-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். தோல் பரப்பளவை ஓரமாக வைத்துவிட்டு, எந்த ஏயூசி வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதை சிறுநீரக வடிதிறனோடு (மேலே அம்மாவுக்கும் தம்பிக்கும் போட்ட கணக்கில் வந்த மாதிரி எண்) 25 கூட்டி வரும் எண்ணால் பெருக்கச் சொன்னார்கள். அந்த 25, சிறுநீரகத்தைத் தவிர மற்ற வழிகளில் போகும் பங்கு. இலக்கு 5, வடிதிறன் 90 என்றால் 5 பெருக்கல் 115, 575 மில்லிகிராம். இலக்கு அதே 5, வடிதிறன் 40 என்றால் 325. இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே எடையாகக் கூட இருக்கலாம். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையை வைத்து இவ்வளவு நுட்பமாக அளவைத் தீர்மானிக்க முடிகிறது என்பதை முதலில் படித்தபோது எனக்கு உண்மையாகவே சிலிர்த்தது. மற்ற கீமோ மருந்துகளுக்கும் இப்படி ஒரு எளிய சூத்திரம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இல்லை, ஏனென்றால் பல மருந்துகள் கல்லீரலில் உடைபடுகின்றன, கல்லீரலின் வேலைத்திறனைச் சொல்ல கிரியேட்டினின் மாதிரி ஒற்றை எண் கிடையாது. அங்கே ஒவ்வொரு மருந்துக்கும் அதை உடைக்கத் தனித்தனி நொதி (என்சைம்), தனித்தனி வாய்க்கால். பெரியம்மாவின் கதையும் இங்கேதான் வருகிறது.

கேபசிடபைன் மாத்திரை உடம்புக்குள் போய் 5-எஃப்யூ, அதாவது ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தாக மாறுகிறது. ட்ரிப்ஸில் கொடுக்கிற அதே 5-எஃப்யூதான். 1957-ல் சார்லஸ் ஹைடல்பெர்கர் குழுவினர் இதை உருவாக்கிய விதமே அழகு. யுராசில் என்பது நம் ஆர்என்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று, எல்லோர் உடம்பிலும் இயற்கையாக இருப்பது. எலிகளின் கல்லீரல் கட்டிகள் மற்ற திசுக்களைவிட அதிகமாக யுராசிலை இழுத்துக்கொள்கின்றன என்று தெரிந்ததும், அந்த யுராசிலில் ஒரு ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் ஃப்ளூரின் அணுவை வைத்து, சோறு என்று நினைத்துச் செல் விழுங்கும் விஷமாக ஆக்கினார்கள். உடம்பு இதையும் யுராசில் என்றே நினைக்கிறது, அதனால் யுராசிலை உடைக்கும் அதே நொதிதான் இதையும் உடைக்கிறது. அதன் பெயர் டிபிடி. ரத்தத்தில் ஏற்றிய 5-எஃப்யூவில் 100-க்கு 80 பங்குக்கு மேல் இந்த நொதியே உடைத்துத் தள்ளிவிடும், 10 முதல் 20 நிமிடத்தில் ரத்தத்தில் இருப்பது பாதியாகிவிடும். இவ்வளவு வேகமாக வடியும் என்ற நம்பிக்கையில்தான் மருந்தின் அளவே வைக்கப்பட்டிருக்கிறது. நொதி அரைகுறையாக இருந்தால்?

இந்த நொதி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை உலகம் மிகக் கொடூரமான விதத்தில் கற்றுக்கொண்டது. 1993-ல் ஜப்பானில் அக்கிக்கு சொரிவுடின் என்று ஒரு புது மருந்து விற்பனைக்கு வந்தது. கீமோ எடுப்பவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவதால் அக்கி வருவது சகஜம், அதனால் 5-எஃப்யூ வகை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் அதைக் கொடுத்தார்கள். குடலில் இருக்கும் பாக்டீரியா சொரிவுடினை வேறொரு பொருளாக மாற்ற, அந்தப் பொருள் டிபிடி நொதியைப் பூட்டிவிட்டது. வழக்கமான அளவு கீமோவே விஷமாகி, சில வாரங்களுக்குள் 15 பேர் அளவில் இறந்தார்கள். மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அவர்களுக்கு வடிகாலை அடைத்தது இன்னொரு மருந்து. சிலருக்கோ பிறவியிலேயே அந்த வடிகால் குறுகல்.

டிபிடி நொதியைச் செய்யும் மரபணுவுக்கு டிபிஒய்டி என்று பெயர். ஐரோப்பியர்களில் 100-க்கு 3 முதல் 8 பேருக்கு இந்த நொதி ஓரளவு குறைவு, கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்பவர்கள் 200-ல் ஒருவருக்கும் கீழே. தினசரி வாழ்க்கையில் இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, ஆடி ஓடி வேலை செய்து 60 வயது வரை இருந்துவிடுவார்கள், முதல் கீமோ சைக்கிள் வரும்வரை தெரியவே தெரியாது. பெரியம்மா மாதிரி.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று மரபணுவையே படிப்பது. நொதியைக் கெடுக்கும் மாற்றங்களில் நான்கு நன்றாக ஆராயப்பட்டவை, பெரும்பாலான பரிசோதனைகள் அந்த நான்கைத் தேடும். அப்பா வழியிலோ அம்மா வழியிலோ ஒரு பிரதி கெட்டிருந்தால் வழக்கமாகப் பாதி அளவில் தொடங்கி, தாங்குகிறதா என்று பார்த்து மெல்ல ஏற்றச் சொல்கிறார்கள். இரண்டு பிரதியும் முற்றிலும் கெட்டிருந்தால் இந்த மருந்தே வேண்டாம். ஒரு முறை பார்த்தால் போதும், மரபணு வயதுக்கு வயது மாறாது. ஆனால் நம் ஊர்க்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த நான்கும் பெரும்பாலும் ஐரோப்பிய மக்களிடம் தேடிக் கண்டெடுத்தவை. நம்மிடையே வேறு மாற்றங்கள் இருக்கலாம். "நெகட்டிவ்" என்று ரிப்போர்ட் வந்தால் அந்த நான்கும் இல்லை என்றுதான் அர்த்தம், நொதி முழுசாக வேலை செய்கிறது என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது. மரபணுவை விட்டுவிட்டு, நொதி செய்து முடிக்க வேண்டிய வேலை எவ்வளவு மிச்சம் கிடக்கிறது என்று பார்ப்பது. யுராசிலை உடைப்பதும் அதே நொதிதானே? நொதி மந்தமாக இருந்தால் ரத்தத்தில் இயற்கையான யுராசில் தேங்கும். மருந்து ஒரு சொட்டு கூட உள்ளே போவதற்கு முன்பே அதை அளந்துவிடலாம். ஒரு மில்லிலிட்டரில் 16 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் நார்மல், அதிலிருந்து 150-க்குள் என்றால் ஓரளவு குறைவு, 150-ஐத் தொட்டால் நொதியே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். வாய்க்காலில் ஏற்கெனவே தேங்கிக் கிடக்கும் தண்ணீரைப் பார்த்து, நாளை மழை பெய்தால் இந்த வயலில் வடியுமா வடியாதா என்று சொல்கிற மாதிரி. இதற்கும் குறை உண்டு. எடுத்த ரத்தத்தைக் குளிர்ச்சியில் வைக்காமல், சீக்கிரம் பிரித்தெடுக்காமல் மேசையில் விட்டால் குழாய்க்குள்ளேயே யுராசில் கூடிவிடும், எங்கள் ஊர் மே மாத வெயிலில் மாதிரியை எடுத்து வேறு ஊர் லேபுக்கு அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் யுராசில் கூடுதலாகவே தெரியும். இரண்டு பரிசோதனையும் ஒன்றுக்கொன்று துணை என்று எடுத்துக்கொள்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

ஐரோப்பிய மருந்து ஆணையம் 2020-ல், 5-எஃப்யூ வகை மருந்து தொடங்குவதற்கு முன் எல்லா நோயாளிகளுக்கும் இந்தக் குறைபாட்டைச் சோதிக்கும்படி பரிந்துரைத்தது. தெரியாமல் கொடுத்து ஆபத்தாகிவிட்டால் யுரிடின் ட்ரையசிட்டேட் என்று ஒரு முறிவு மருந்துக்கு அமெரிக்காவில் 2015-ல் அனுமதி கிடைத்தது, ஆனால் கடைசி டோஸுக்குப் பின் 96 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். வாய்ப்புண் முற்றி, வயிற்றுப்போக்கு முற்றி, நாம் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அந்த நேரம் ஓடிவிடும்.

ஐரினோடிகான் இன்னொரு நல்ல உதாரணம். அதுவும் குடல் புற்றுநோய்க்குக் கொடுப்பதுதான். உடம்பில் போய் எஸ்என்-38 என்ற, பல நூறு மடங்கு வீரியமான பொருளாகிறது, அதை வெளியேற்றும் நொதி யுஜிடி1ஏ1. பிலிருபின் என்ற மஞ்சள் நிறக் கழிவைக் கழுவி அனுப்புவதும் அதே நொதிதான். சில குடும்பங்களில் யாராவது ஒருவருக்குப் பிலிருபின் எப்போதும் 1.8, 2 என்று நிற்கும், பட்டினி கிடந்தால் கண் லேசாக மஞ்சளாகும், வருஷம் தவறாமல் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள், மற்றக் கல்லீரல் பரிசோதனையெல்லாம் சரியாகவே இருக்கும். கில்பர்ட் என்று இதற்குப் பெயர், அந்த நொதியின் மரபணுவில் இருக்கும் மாற்றத்தால் நொதி மந்தமாவதுதான் காரணம், நோய் என்று கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்கு ஐரினோடிகான் கொடுக்க நேர்ந்தால் அந்த மஞ்சள் கண் பெரிய சேதி. அமெரிக்காவில் 2005-ல் அந்த மருந்தின் விவரத்தாளிலேயே இந்த மரபணு மாற்றத்தைச் சேர்த்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்து கீமோ தொடங்கப் போகிறார்கள் என்றால் பழைய பிலிருபின் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள்.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மாதக்கணக்கில் கொடுக்கும் மெர்காப்டோப்யூரின் மாத்திரைக்கு டிபிஎம்டி என்ற நொதியைப் பார்க்கிறார்கள், ஏறக்குறைய 300-ல் ஒருவருக்கு அது இருப்பதில்லை. ஆசிய மக்களுக்கு என்யுடிடி15 என்ற இன்னொரு மரபணுவும் முக்கியம். டிபிஎம்டியை சிவப்பணுவில்தான் அளப்பார்கள், அதனால் குழந்தைக்குச் சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் ரிப்போர்ட்டில் வருவது ரத்தம் கொடுத்தவரின் நொதியாகவும் இருக்கலாம். அப்போது மரபணுப் பரிசோதனைதான் நம்பகம்.

முன்கூட்டிக் கணிப்பது போதாமல், கொடுத்தபின் அளந்துகொண்டே இருக்கும் மருந்தும் உண்டு. மெதோட்ரெக்ஸேட்டை அதிக அளவில் ஏற்றும்போது 24, 48, 72 மணி நேரத்தில் ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள், எதிர்பார்த்தபடி இறங்காவிட்டால் லூக்கோவோரின் என்ற காப்பு மருந்தைக் கூட்டுவார்கள். இதில் ஒரு நுணுக்கம்: வயிற்றிலோ நெஞ்சுக்கூட்டிலோ நீர் கோத்திருந்தால் மருந்து அங்கே போய்க் குட்டையாகத் தேங்கி, பிறகு நாள்கணக்கில் ரத்தத்துக்குள் கசிந்துகொண்டே இருக்கும். கிரியேட்டினின் நன்றாக இருந்தும் மருந்து வடியாததற்கு அந்தக் குட்டையே காரணமாகிவிடும். அதோடு, தெரியாமல் போடும் ஒரு வலி மாத்திரையோ அசிடிட்டி மாத்திரையோ கூட இந்த மருந்து வடிவதைத் தாமதப்படுத்தும். கவுண்டரில் நிற்கும் எனக்கு இது தினசரிக் கவலை. "மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்று வருகிறவரிடம் வேறு என்ன மருந்து ஓடுகிறது என்று கேட்காமல் நான் இப்போது கொடுப்பதில்லை.

டோசிடாக்சல் போன்ற மருந்துகளை உடைக்கும் சிஒய்பி3ஏ4 என்ற நொதியும் அப்படியே. பூஞ்சைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் அதை அடைக்கும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதைத் திறந்துவிட்டு மருந்தை வீணாக்கும். கிரேப்ஃப்ரூட்டும் (திராட்சை இல்லை, ஆரஞ்சு வகைப் பழம்) அதன் உறவான பப்ளிமாஸும் அதை மந்தமாக்கக்கூடியவை. வீட்டில் கொடுக்கும் கஷாயம், சூரணம் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள், திட்டுவார் என்று மறைப்பதால் வரும் ஆபத்து திட்டைவிடப் பெரியது.

இப்போது இதன் மறுபக்கம். மெதுவாக வடிபவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஏனென்றால் அவர்கள் படும் பாடு கண்ணுக்குத் தெரிகிறது. மருந்து வேகமாக வடிந்துவிடுகிறவர்களுக்கு வாய்ப்புண் இல்லை, கவுண்ட் இறங்கவில்லை, "எனக்கு ஒன்றுமே செய்யல" என்று சந்தோஷப்படுவார்கள், கட்டிக்கும் ஒன்றும் செய்யாமல் போயிருக்கலாம். பக்கத்துக் கட்டில் அம்மா அந்த ரகமா, அளவாக வடிந்தவரா என்று எனக்குத் தெரியாது. பயம் காரணமாக எல்லோருக்கும் அளவைக் குறைத்தால் இந்த இரண்டாவது கூட்டம் பெருகிவிடும், தாமாகக் குறைக்காதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னதும் அதற்காகத்தான். அதோடு ஒரு பயோமார்க்கர் ஒரு கூட்டத்தாரிடம் சரியாகச் சொன்னது என்பதற்காக எல்லா மக்களிடமும் சொல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வேறு மக்களிடம், வேறு மருத்துவமனையில், புதிதாக ஆள் சேர்த்துப் பார்த்து அங்கேயும் தேறினால்தான் அதை வைத்து அளவை மாற்றலாம்.

கீமோ தொடங்கும் முன் டாக்டரிடம் என்ன கேட்பது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இந்த மருந்து சிறுநீரகம் வழியாகப் போகுமா, கல்லீரலில் உடைபடுமா, எங்களுக்கு அது வடியுமா என்று முன்கூட்டிப் பார்க்க ஏதாவது பரிசோதனை உண்டா? 5-எஃப்யூ, கேபசிடபைன் என்றால் டிபிடி என்ற சொல்லைச் சொல்லியே கேளுங்கள். பணிவாகக் கேட்டால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார், நான் பார்த்தவரை கேட்டதற்குச் சந்தோஷப்பட்டவர்கள்தான் அதிகம்.

பெரியம்மாவுக்கு அந்தப் பரிசோதனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபின் நடந்தது. ஒரு பிரதியில் மாற்றம். ஐந்து வாரம் கழித்து இரண்டாம் சைக்கிளில் காலையில் 2, இரவில் 2. வாயில் லேசான எரிச்சல், உள்ளங்கை கொஞ்சம் சிவந்தது, அவ்வளவுதான். மூன்றாவதிலிருந்து இரவில் ஒன்று கூட்டிப் பார்த்தார்கள், தாங்கியது. காலண்டரில் பெரியப்பா போட்ட கோடுகள் எட்டாவது சைக்கிள் வரை போயின.

டிபிஒய்டி மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவது, அதனால் கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மா பெரியம்மாவின் தங்கை. அந்த ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து, ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் வைத்திருக்கும் அம்மாவின் பைக்குள் ஒன்று, சிதம்பரத்தில் இருக்கும் மாமாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம். மாமா வாங்கியதும் முதலில் கேட்டது, "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையேப்பா, எனக்கு எதுக்கு இது?" உட்கார வைத்து மறுபடியும் காபியில் தொடங்கிச் சொன்னேன்.